சிரட்டை போட்டுப் பார்த்த கணக்கு

பாளையங்கோட்டை,
ஆவணிக் கடைசி

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்குச் சோம்பல் காரணமில்லை. உன் தம்பி வாங்கப்போகும் மனையை ஒரு நடை பார்த்துவிட்டு எழுதலாமென்று இருந்தேன், நேற்றுத்தான் போக முடிந்தது. முழங்கால் வலி தேவலை. பேத்தி நடக்கிறாள், வீட்டில் ஒரு பொருள் வைத்த இடத்தில் இல்லை.

மனைப்பிரிவு மொத்தம் 15 ஏக்கர், ஆறு ஹெக்டேர் என்று வை. மழைத்தண்ணீருக்கு இரண்டடிக்கு இரண்டடி கான்கிரீட் வாறுகால் போட்டிருக்கிறார்கள். போதுமா என்று கேட்டிருந்தாய். கல்லூரியில் ‘சி.ஐ.ஏ.’ என்று சொல்லிச் சிரிப்போமே, அந்தச் சூத்திரம்தான் இதற்கும். 1851-ல் அயர்லாந்துக்காரர் மல்வனி எழுதிய யோசனை, சின்னப் பரப்புக்கு இன்றும் அதைத்தான் போடுகிறோம். விழும் மழையில் எத்தனை பங்கு ஓடும் என்பது சி, மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் மழை என்பது ஐ, பரப்பு ஹெக்டேரில் ஏ. மூன்றையும் பெருக்கி 360-ஆல் வகுத்தால் விநாடிக்கு எத்தனை கனமீட்டர் என்று வந்துவிடும்.

அந்த இடம் வயலும் தரிசுமாக இருந்தபோது சி 0.3 என்று கொள். மழை மணிக்கு 60 மி.மீ. என்றால் விநாடிக்கு 300 லிட்டர். இந்த வாறுகால், 500 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சரிவில் நிரம்பி ஓடினால், சுமார் 370 லிட்டர் கொண்டுபோகும். ஆக, போதும். வீடும் ரோடும் வந்து சி 0.75 ஆனால் அதே மழைக்கு 750 லிட்டர். நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு தடவை, செலவு மதிப்பீடு கூடுகிறது என்பதற்காக சி 0.7-ஐ 0.4 ஆக்கச் சொன்னார்கள். மழையிடம் யார் போய்ச் சொல்வது என்று கேட்டேன். அந்தக் கோப்பு அப்புறம் என் மேசைக்கு வரவேயில்லை.

ஆனால் எல்லாரும் சி-யைப் பிடித்துத்தான் பேரம் பேசுகிறோம், ஆளைக் கவிழ்ப்பது நேரம். கடைக்கோடியில் விழுந்த தண்ணீர் வாறுகால் முனைக்கு வர எத்தனை நிமிஷம் ஆகுமோ, அத்தனை நிமிஷ மழையின் வேகத்தைத்தான் ஐ-யாக எடுக்க வேண்டும். வரப்பில் தட்டி, புல்லில் நின்று வந்தால் அரை மணி நேரம். மொட்டைமாடிக் குழாயில் இறங்கி சிமெண்ட் ரோட்டில் ஓடி வந்தால் பத்தே நிமிஷம். அரை மணி நேரம் 60 வீதம் கொட்டுகிற மேகம், நடுவில் ஒரு பத்து நிமிஷம் 100 வீதம் கொட்டும். அதைப் போட்டுப் பார், 1,250 லிட்டர். வயலாகக் கிடந்தபோது வந்ததைப்போல நான்கு மடங்குக்கு மேல்!

போன வாரம் சாயங்காலம் இடிமழை. மாடியில் நேர்ச்சுவர் டப்பா ஒன்று வைத்திருக்கிறேன், கால் மணி நேரத்தில் 21 மி.மீ. நின்றது. மணிக்கு 84 வீதம். உடனே குடையும் ஒரு சிரட்டையுமாகத் தெருவில் இறங்கினேன். எங்கள் தெரு வாறுகாலும் இரண்டடி அகலம்தான். 20 மீட்டர் அளந்து சிரட்டையை விட்டேன், 19 விநாடியில் போய்ச் சேர்ந்தது. மேல்தண்ணீர் எப்போதும் கொஞ்சம் விரசலாக ஓடும், அதற்கு 0.85-ஆல் பெருக்கினால் விநாடிக்கு 0.9 மீட்டர். ஆழம் அரை மீட்டர், ஆக சுமார் 270 லிட்டர். எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று, “அண்ணாச்சிக்கு என்னாச்சு?” என்று என் வீட்டுக்காரியைக் கேட்டிருக்கிறாள். அடியில் பாதிக்கு மண் படிந்தால் கொள்ளளவு பாதியாகும் என்று நினைப்பாய். அதற்கும் கீழே போகும், தம்பி மனைப்பிரிவின் வாறுகாலில் 370 போய் 150 லிட்டர்தான்.

2023 மார்கழி முதல் தேதி ஞாபகமிருக்கிறதா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் மட்டும் 88,000 லிட்டர், ஏழு தண்ணி லாரி. அதற்கு எந்த வாறுகாலும் தாங்காது. ஆறு உயர்ந்துவிட்டால் வாறுகால் போய்ச் சேரும் வாயே முங்கிவிடுகிறது, தெருத்தண்ணீர் போக வழியில்லை. நெல்லை ஜங்ஷன் பகுதி முங்கிக் கிடந்ததைப் பார்த்தோமே.

நம் ஊரில் நேரத்தை வாங்கிக் கொடுத்தது குளங்கள். வந்த வெள்ளத்தை நிறுத்தி, நிரம்பிய பிறகு மறுகாலில் அடுத்த குளத்துக்கு விடும். உச்சம் தணிந்துதான் கீழே போகும். தம்பியின் மனையில் எனக்கு உறுத்தியது அதுதான். மேற்கே ஒரு குளம் இருக்கிறது, அதன் மறுகால் ஓடை இந்த வேலி வரை வந்து நின்றுவிட்டது. வேலிக்குள் ரோடு. ஓடை எங்கே என்று தரகரைக் கேட்டேன், “அதெல்லாம் அந்தக் காலம் சார்” என்றார். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், தம்பியின் மனை இருக்கும் மூலையைக் கையால் காட்டினார்.

நூறு வருஷத்துக்கு ஒரு முறை வரும் வெள்ளம்தானே என்று தம்பி சொல்வான். அவன் வங்கிக்கடன் 30 வருஷம். அதற்குள் அது வந்துவிட நான்கில் ஒன்றுக்குச் சற்று மேலேயே வாய்ப்பு. தாமிரபரணியில் 1992-ல் வந்த பெருவெள்ளத்துக்கும் 2023-க்கும் நடுவே 31 வருஷம்தான்.

முன்பணம் கொடுக்கவில்லை என்றால் கொடுக்க வேண்டாமென்று சொல். கொடுத்திருந்தால், கிராம நிர்வாக அலுவலரிடம் பழைய புலப்படத்தில், அதாவது நில அளவை வரைபடத்தில், ஓடையைப் பார்த்துவிட்டு மேலே பேசச் சொல்.

மதினியைக் கேட்டதாகச் சொல். ஐப்பசியில் வருவதாக எழுதியிருக்கிறாய். மழையோடு வா, சேர்ந்து போய் அந்த மூலையைப் பார்ப்போம். குடை கொண்டு வா, சிரட்டை இங்கே இருக்கிறது.

உன்,
முத்தையா