ஆக்சிலை வாங்குமுன் அளந்து பார், அம்மணி

நாமக்கல்

அன்புள்ள அம்மணிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது, பேச்சு குறையவில்லை. நேற்று போனில் நீ கேட்டதற்கு நான் மழுப்பலாகத்தான் பதில் சொன்னேன். மாப்பிள்ளை பக்கத்தில் நிற்கிறார் என்பது உன் குரலிலேயே தெரிந்தது. தவிர, எண்களைப் போனில் சொன்னால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவீர்கள். இதைப் படித்துவிட்டு, நீயே கணக்குப் போட்டுப் பார்த்ததாக அவரிடம் சொல். மாமனார் சொன்னார் என்றால் எடுபடாது. உன்னை பி.காம். படிக்கவைத்தது பின் எதற்கு?

விஷயம் இதுதானே. கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் குவாரியில் ஓடிய டாடா லாரியை வாங்கினீர்கள். இப்போது அது ஓசூரிலிருந்து சென்னைக்கு அட்டைப்பெட்டியும் உதிரிபாகமும் ஏற்றிக்கொண்டு நான்குவழிச் சாலையில் ஓடுகிறது. அறுபதைத் தொட்டாலே எஞ்சின் அலறுகிறது, டீசலும் கட்டுப்படியாகவில்லை. மெக்கானிக் கிரவுன் செட்டை, அதாவது பின் ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன், பினியன் என்ற பல்சக்கர ஜோடியை, மாற்றலாம் என்கிறார். காயலான் கடைக்காரரோ புது மாடல் வண்டியில் கழற்றிய பின் ஆக்சிலை ஹவுசிங் என்ற வெளிக்கூடு, பிரேக் டிரம் எல்லாவற்றோடும் முழுசாகத் தருகிறேன் என்று ஆசை காட்டுகிறார். மாப்பிள்ளையின் கண் அதன் மேல்தான்.

நான் கிரவுன் செட் பக்கம். ஆனால் உன் வண்டியின் ஹவுசிங் நேராக இருந்தால் மட்டுமே. அதை அளக்காமல் இரண்டுக்கும் பணம் கொடுக்காதே.

முதலில் ஏன் அலறுகிறது என்று பார். குவாரி வண்டிக்கு வேகம் தேவையில்லை, பள்ளத்திலிருந்து கல்லை இழுத்து மேலே கொண்டுவந்தால் போதும். அதனால் அதில் 6/41 போட்டிருப்பார்கள். பினியனில் 6 பல், கிரவுனில் 41. சக்கரம் ஒரு முறை சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து பின்னால் வரும் புரப்பெல்லர் ஷாஃப்ட் 6.83 முறை சுற்ற வேண்டும். நெடுஞ்சாலை வண்டிக்கு 7/41 போடுவார்கள், அதில் 5.86 முறை சுற்றினால் போதும். அறுபதில் போகும் வண்டி நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர் போகிறது. உன் வண்டியின் 1000-20 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 3.2 மீட்டர் உருளும். அப்படியானால் நிமிடத்துக்கு 312 சுற்று. டாப் கியரில் எஞ்சினும் புரப்பெல்லரும் ஒரே வேகத்தில் சுற்றுவதால், 6/41-ல் எஞ்சின் நிமிடத்துக்கு 2,130 சுற்று சுற்றுகிறது. 7/41 போட்டால் 1,830. பினியனில் ஒரே ஒரு பல் கூடியதற்கு ஏழில் ஒரு பங்கு குறைந்துவிட்டது.

சுற்று ஏழில் ஒரு பங்கு குறைந்தால் டீசலும் அதே அளவு குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. காற்றைத் தள்ளும் வேலையும் சுமையை இழுக்கும் வேலையும் அப்படியேதான் இருக்கின்றன. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி நாலேகால் கொடுத்தால் நான் திருப்திப்படுவேன். மாதம் 8,000 கிலோமீட்டர் ஓடினால் 2,000 லிட்டர் 1,880 ஆகும். 120 லிட்டர் மிச்சம். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 11,000-க்குப் பக்கத்தில் வருகிறது. கிரவுன் செட், பேரிங், ஆயில் சீல், கூலி எல்லாவற்றையும் கூட்டி இந்தத் தொகையால் வகுத்துப் பார். எத்தனை மாதத்தில் போட்ட பணம் திரும்பும் என்பது தெரிந்துவிடும். ஆக்சிலுக்கும் அதே வகுத்தலைச் செய். விடையைக் கட்டம் கட்டி மாப்பிள்ளை பார்க்கிற இடத்தில் வை.

காயலான் கடை ஆக்சிலில் 8/39 இருக்கிறது என்றாய். அதாவது 4.875. கேட்க நன்றாகத்தான் இருக்கும், அறுபதில் எஞ்சின் 1,520-தான் சுற்றும். ஆனால் அது டர்போ எஞ்சினுக்காகப் போட்ட விகிதம். உன் வண்டி டர்போ இல்லாத பழைய எஞ்சின். இழுவையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். சென்னையிலிருந்து திரும்பும்போது லோடு இருந்தால், கிருஷ்ணகிரி தாண்டி மேலுமலையில் ஏறும் இடத்தில் டிரைவர் கியரைக் குறைத்துக் குறைத்து நொந்துபோவார். மேம்பாலத்துக்கெல்லாம் நாலாவது கியர் போடுகிற வண்டியில் டீசல் எங்கே மிச்சமாகும்? 7/41-லும் ஏழில் ஒரு பங்கு இழுவை குறையத்தான் செய்யும். அதை இந்த எஞ்சின் தாங்கும்.

இறக்கத்தைப் பற்றி டிரைவரிடம் நீயே நேராகச் சொல், மாப்பிள்ளை வழியாகச் சொல்ல வேண்டாம். மாற்றிய பிறகு, அதே கியரில் எஞ்சின் முன்போல வண்டியைப் பிடித்து நிறுத்தாது. மேலுமலையில் இறங்கும்போதும் தொப்பூர்க் கணவாயில் இறங்கும்போதும் முன்பு போட்ட கியருக்கு ஒன்று குறைவாகப் போட்டுத்தான் இறங்க வேண்டும். தொப்பூரைப் பற்றி இந்த வீட்டில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை.

இன்னொன்றை மெக்கானிக்குகள் அடிக்கடி மறப்பார்கள். உன் வண்டியின் வேகமானி கியர்பாக்ஸிலிருந்துதான் எடுக்கிறது. பின்னால் விகிதம் மாறியது அதற்குத் தெரியாது. நிஜமாக அறுபதில் போகும்போது முள் 51-ல் நிற்கும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் அதே இடத்தில் எடுப்பதாக இருந்தால், 80-ல் பிடிக்க வேண்டியது 93-ல்தான் பிடிக்கும். இரண்டையும் புது விகிதத்துக்குத் திருத்தி எழுதி வாங்காமல் வண்டியை வெளியே எடுக்காதே.

இனி ஹவுசிங். உன் லாரியில் சுமையைத் தாங்குவது ஆக்சில் ஷாஃப்ட் அல்ல, ஹவுசிங்தான். ஷாஃப்ட் சக்கரத்தைத் திருப்பும் வேலையை மட்டும் செய்கிறது. அதனால்தான் சக்கரத்தைக் கழற்றாமலே, நட்டுகளை எடுத்துவிட்டு ஷாஃப்டை உருவ முடிகிறது. குவாரிக்காரர்கள் எவ்வளவு ஏற்றியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சுமையைத் தாங்கும் வில்பட்டைகளுக்கு நடுவே ஹவுசிங் கீழே தொய்ந்திருந்தால் இரண்டு பக்கச் சக்கரங்களின் மேல்பாகமும் உள்ளே சாய்ந்துவிடும். உள்பக்க டயரின் உள்விளிம்பு முதலில் தேயும். டயரைப் போய்த் தடவிப் பார், கைக்கே தெரியும்.

அளக்கும் விதம் இது. லோடு இல்லாமல், சமதளத்தில், முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு, பட்டை உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் இரு பக்கமும் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தச் சொல். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது. ஒரு நேரான கம்பியை எடுத்து, இடது உள்சக்கர டிஸ்கின், அதாவது டயர் மாட்டும் இரும்புச் சக்கரத்தின், விளிம்பிலிருந்து வலது உள்சக்கர டிஸ்கின் விளிம்புவரை, மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று அளக்க வேண்டும். மேலே ஹவுசிங் குறுக்கே வந்தால் அதற்குச் சற்று மேலே, கீழேயும் அதே அளவு தள்ளி எடுக்கலாம். பிறகு சக்கரங்களை அரைச்சுற்றுத் திருப்பி மறுபடியும் அளக்க வேண்டும். டிஸ்க் கோணலாக இருந்தால் வித்தியாசம் அதனோடு சுற்றும். ஹவுசிங் வளைந்திருந்தால் அசையாமல் அதே இடத்தில் நிற்கும். மேல் அளவு இரண்டு முறையும் குறைவாக வந்தால் ஹவுசிங் தொய்ந்திருக்கிறது.

அப்படியே ஷாஃப்டையும் உருவிப் பார்க்கச் சொல். கையால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். சுத்தியல் கேட்டால் சந்தேகப்படு. ஷாஃப்டின் உள்முனையில் இருக்கும் பல்வரிகளைப் பார். நேர்கோடாக இருக்க வேண்டும், முறுக்கு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தால் அந்த ஷாஃப்ட் வேலைக்கு ஆகாது. ஹவுசிங்கின் முனையில் ஹப் பேரிங் உட்காரும் இடத்தில் நகத்தால் கீறிப் பார், பள்ளம் தட்டக் கூடாது. வெப்பத்தில் நீலம் பாய்ந்திருக்கவும் கூடாது. பட்டை உட்காரும் இடத்தில் பழைய வெல்டிங் தெரிகிறதா என்றும் பார். பெயின்ட் அடித்து மறைத்திருப்பார்கள், சுரண்டு.

இவற்றில் ஹவுசிங் தோற்றால், அதற்குள் புது கிரவுன் செட் போடுவது பணத்தைக் கொட்டிக் கவிழ்ப்பது. அப்போது மாப்பிள்ளை சொன்னதுதான் சரி, ஆக்சிலை மாற்றத்தான் வேண்டும். ஆனால் அந்தப் புது மாடல் ஆக்சில் வேண்டாம். உன் வண்டியின் அதே மாடலில், 7/41 உள்ளதாகத் தேடச் சொல். வேறு மாடல் என்றால் பட்டை உட்காரும் இடங்களுக்கு இடையே உள்ள தூரம் ஒரு விரல் மாறினாலும் வெட்டி ஒட்டுவார்கள், சூட்டில் ஹவுசிங் கோணும். புரப்பெல்லரின் நீளம் பொருந்தாது, அதையும் வெட்டுவார்கள். டிரம் அகலம், பிரேக் சேம்பர், டிஸ்க் போல்ட் என்று ஒவ்வொன்றாக வரும். பாதி விலைக்கு ஆக்சில் வாங்கி மீதிப் பாதியைப் பட்டறையில் கொடுத்தவர்களை இங்கே நிறையப் பார்த்திருக்கிறேன். அதே மாடல் கிடைத்தாலும், வாங்குமுன் இதே அளவுகளை அதற்கும் எடுக்க வேண்டும். அதுவும் யாரோ ஒருவருடைய குவாரியில் இருந்திருக்கலாம்.

பெரிய ஆக்சில் போட்டால் கூடுதல் லோடு ஏற்றலாம் என்று காயலான் கடைக்காரர் சொன்னாராம். ஏற்ற முடியாது. 2018 ஜூலையில் மத்திய அரசு நான்கு டயர் உள்ள பின் ஆக்சிலுக்கு 10.2 டன்னை 11.5 ஆக்கியது, இரண்டு ஆக்சில் லாரிக்கு மொத்தம் 16.2 டன்னை 18.5 ஆக்கியது. அதைக் கேட்டுவிட்டு ஆளுக்கு ஆள் கணக்குப் போடுகிறார்கள். உன் வண்டி அதற்கு முந்தியது. ஆர்சி புத்தகத்தில் என்ன எடை எழுதியிருக்கிறதோ அதுதான் உனக்கு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எஃப்சிக்குப் போகும்போது வேறு மாடல் ஆக்சிலோடு நின்று யார் பதில் சொல்வது?

மாப்பிள்ளை பார்க்கும் அமெரிக்க வீடியோக்களை நானும் பேரனிடம் கேட்டுப் பார்த்தேன். அவர்கள் செய்வதில் தப்பில்லை, ஆனால் அது வேறு வண்டி. ஜீப்பில் பெரிய டயர் போட்டுப் பாறை ஏறுகிறார்கள், அதனால் நமக்கு நேர்மாறாக இழுவையைக் கூட்டுகிறார்கள். அந்த ஜீப்புகள் சிலவற்றில் வரும் டானா 35 ஆக்சிலில் ஷாஃப்டே சுமையையும் தாங்க வேண்டும், பெரிய டயருக்கு அது தாங்காது. அதனால் அதே வகையில் இன்னும் பலமான ஃபோர்டின் 8.8 ஆக்சிலைக் கொண்டுவந்து மாட்டுகிறார்கள். மேலும் அவற்றில் கிரவுனை ஹவுசிங்குக்குள்ளேயே வைத்து, வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு செட் செய்ய வேண்டும். உன் லாரியில் கிரவுனும் பினியனும் உட்காரும் டிஃபரன்ஷியல் தனியாக முன்பக்கம் கழன்று வரும். மேசையில் வைத்து நிம்மதியாகச் செட் செய்யலாம். கிரவுன் மாற்றுவது அவர்களுக்குத் தலைவலி, நமக்கு வழக்கமான வேலை.

வழக்கமான வேலை என்பதற்காக அவசர வேலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கிரவுனும் பினியனும் ஜோடியாகவே தேய்த்துச் சேர்த்தவை. இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும், பெட்டியைத் திறந்ததும் அதைப் பார். எண் மாறியிருந்தால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடு. பிட் செய்தபின் மெக்கானிக் நாலைந்து பற்களில் மார்க்கிங் மை தடவி, கிரவுனைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பினியனைச் சுற்றுவார். பல்லில் பதியும் தடத்தை நீ பார்க்க வேண்டும். உயரத்தில் நடுவாகவும், நீளத்தில் உள்முனைப் பக்கம் சற்று ஒதுங்கியும் இருந்தால் சரி. லோடு ஏறும்போது அது தானாக வெளிப்பக்கம் நகரும். பல்லின் அடியில் பதிந்தால் பினியன் அதிகம் உள்ளே போயிருக்கிறது, நுனியில் பதிந்தால் எட்டி நிற்கிறது. இடையில் வைக்கும் ஷிம் தகட்டை மாற்றி மறுபடியும் பார்க்கச் சொல். 'ஓட ஓடச் சரியாகும்' என்று அவர் சொன்னால், ஓட ஓட ஊளையிடும் என்று பொருள்.

முதல் சில நடைகள் பாதி லோடு போதும். அதன் பிறகு ஆயிலை வடித்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிற மாவு ஒட்டியிருந்தால் கவலைப்படாதே. சில்லு இருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய், நடுராத்திரியானாலும் சரி.

முள் காட்டி நுணுக்கமாக அளக்கும் டயல் கேஜை தம்பியிடம் கொடுத்துவிடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை ஓசூர் வருகிறான். பேக்லாஷ், அதாவது பல்லுக்கும் பல்லுக்கும் இடையே உள்ள ஆட்டம், பார்க்க மெக்கானிக் அதைத்தான் பயன்படுத்த வேண்டும், கைக்கணக்கு வேண்டாம். வேலை முடிந்ததும் துடைத்துப் பெட்டியில் வைத்து அவனிடமே திருப்பி அனுப்பு. பட்டறையில் விட்டால் திரும்பி வராது. மேல், கீழ் அளவுகள் நான்கையும் எழுதி, டயர் உள்விளிம்பின் படத்தோடு எனக்கு அனுப்பு. அதுவரை காயலான் கடைக்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
அப்பா