சில்வர் ஓக்கும் செங்குத்துக் கோடும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் தேவலை என்று எழுதியிருக்கிறாய், சந்தோஷம். அதற்காக மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருக்காதே. இங்கே குன்னூரில் ஐப்பசி மழை கொட்டித் தீர்க்கிறது. பாதையில் மண் சரிந்து மலை ரயில் வேறு ஓடவில்லை. துணி காய்வதில்லை என்பதைத் தவிர எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

காலமெல்லாம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நீ. அதனால் இதை உன்னிடம்தான் சொல்ல வேண்டும். எதிர்வீட்டுப் பெண் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அம்மா தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். சாயங்காலமானால் ஆயத்தொலைவு வடிவியல் நோட்டோடு வந்துவிடுவாள். "செங்குத்துக் கோடுன்னா ரெண்டு சாய்வையும் பெருக்கினா −1 வரணும் தாத்தா" என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். கணக்கும் சரியாகவே போடுவாள். ஆனால் சாய்ந்த கோடு ஒன்றைப் போட்டு, இதற்குச் செங்குத்தாக, அதாவது 90 பாகையில், வரை என்றால், பென்சிலை நேராக மேலே இழுத்துவிடுகிறாள்! ஏன் என்று கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாள். "சரிவுல சில்வர் ஓக் அப்படித்தானே நிக்குது?"

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. மலையில் பிறந்த பிள்ளைக்குச் செங்குத்து என்றால் மரம்தான் கண்ணுக்கு வரும். மரம் நிற்பது மட்டமான தரைக்குச் செங்குத்தாக, சரிவுக்கு அல்ல என்றேன். சரிவுக்குச் செங்குத்தாக நின்றால் அத்தனை மரமும் பள்ளத்தாக்கை நோக்கிச் சாய்ந்திருக்கும் என்றதும் சிரித்துவிட்டாள். அப்புறம்தான் வேலை சுலபமாயிற்று.

கிராஃப் தாளில் 3 கட்டம் வலப்பக்கம், 2 கட்டம் மேலே போய் ஒரு கோடு போடச் சொன்னேன். மேலே போனதை வலப்பக்கம் போனதால் வகுத்தால் சாய்வு, 2/3. தாளை இடப்பக்கமாகக் கால் சுற்று திருப்பச் சொன்னேன். வலப்பக்கம் போன 3 இப்போது மேலே போகிறது, மேலே போன 2 இடப்பக்கம் போகிறது. சாய்வு −3/2. எண்கள் தலைகீழானதும் குறி மாறியதும் அந்த ஒரே திருப்பலில் நடந்தவை என்று அவளே கண்டுபிடித்தாள். பெருக்கினால் −1 வருவது அதன் பலன்தான். நம் பாடப்புத்தகங்கள் பலனை முதலில் கொடுத்துவிடுகின்றன. எனக்கு அதில்தான் கோபம்.

ரயிலையும் இழுத்தேன். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே, பல்சக்கரம் பிடித்து ஏறுகிற பாதையில், மிகக் கடுமையான ஏற்றம் ஏறக்குறைய 12 அடிக்கு 1 அடி. சாய்வு 1/12. தண்டவாளத்துக்குச் செங்குத்தாக ஒரு கம்பி நட்டால் அதன் சாய்வு −12, கிட்டத்தட்ட நிமிர்ந்தே நிற்கும். ஒரு கோடு எவ்வளவு படுத்திருக்கிறதோ, மற்றது அவ்வளவு நிமிர்ந்திருக்கும். இதை அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

பிறகு சமன்பாட்டுக்கு வந்தோம். (1, 2), (5, 4) என்ற புள்ளிகளை இணைக்கும் கோட்டுக்கு மையக்குத்துக்கோடு, அதாவது அதை நடுவில் செங்குத்தாக வெட்டுகிற கோடு. நடுப்புள்ளி (3, 3), கோட்டின் சாய்வு 1/2, எனவே குத்துக்கோட்டின் சாய்வு −2. அவளுக்கு 2எக்ஸ் + ஒய் = 9 என்று வந்தது. விடையைச் சரிபார்க்கத் தெரியவில்லை. மையக்குத்துக்கோட்டில் எங்கே நின்றாலும் இரண்டு முனைகளும் சம தூரம் அல்லவா? (2, 5) அந்தச் சமன்பாட்டில் பொருந்துகிறது. அங்கிருந்து இரண்டு முனைகளுக்கும் தூரம் கண்டாள், இரண்டும் √10. அன்றைக்குத் தேநீர் அவளே போட்டுக் கொடுத்தாள், இஞ்சி தட்டிப்போட்டு.

ஒரு இடத்தில் மட்டும் உன் யோசனை வேண்டும். படுத்த கோட்டின் சாய்வு 0, நிமிர்ந்த கோட்டுக்குச் சாய்வே வரையறுக்கப்படவில்லை. இரண்டும் செங்குத்துதான், ஆனால் பெருக்குவதற்கு எண் இல்லை. "அப்ப −1 எங்கே போச்சு?" என்கிறாள். தாளைத் திருப்பிக் காட்டினால் புரிகிறது, ஆனால் பரீட்சையில் அதை எப்படி எழுதுவது என்று கேட்கிறாள். நீ வகுப்பில் இந்தக் கோடுகளை முதலிலேயே சொல்வாயா, கடைசிக்கு வைத்துக்கொள்வாயா? அடுத்த கடிதத்தில் எழுது. அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் வந்தால் நல்லது.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன்,
குன்னூர்க்காரன்