16 வருஷம் என்கூட நடந்தவங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். போன வெள்ளிக்கிழமை சாயந்திரம் ரெண்டு அட்டைப்பெட்டி வீட்டு வாசல்ல வந்து இறங்குச்சு, மேல இருந்த புக்கை எடுத்து மோந்து பார்த்தேன், அப்புறம் கொஞ்ச நேரத்துக்கு ஒண்ணும் ஓடல. சிலை திருட்டை வச்சு 2008ல எழுத ஆரம்பிச்ச நாவல். ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணி நன்றி சொல்லலாம்னு பார்த்தா தொண்டை அடைச்சுக்குது, அதான் எழுதிடறேன்.

விதை போட்டது எங்க பெரிய மாமா. வக்கீல்கிட்ட குமாஸ்தாவா இருந்தவர், பத்தூர் நடராஜர் வழக்கை கதை மாதிரி சொல்லுவார். 1976ல மண்ணுக்குள்ள இருந்து கிடைச்ச சிலை கை மாறி கை மாறி லண்டன் போயிடுச்சு, அங்க கோர்ட்ல கேஸ் நடந்து, சிலைல ஒட்டியிருந்த மண்ணு, கரையான் ஓடின தடம் வரைக்கும் ஆராய்ஞ்சு, 1991ல நடராஜர் ஊர் திரும்பினார். இடிஞ்ச கோயிலோட சாமியையே வழக்காடுற ஒரு ஆளா கோர்ட்ல நிறுத்தினாங்கன்னு மாமா சொன்னப்ப எனக்கு புல்லரிச்சுது. அந்த ராத்திரியே நோட்டு எடுத்துட்டேன். மாமா, நீங்க சொல்லலன்னா இந்த புக்கே இல்ல.

2012ல முதல் டிராஃப்ட் முடிஞ்சுது. நாலு பதிப்பகம். ஒருத்தர் ஆன்மிகம்னா ஆன்மிகம், த்ரில்லர்னா த்ரில்லர், ரெண்டையும் கலந்தா யார் வாங்குவான்னு கேட்டார், இன்னொரு இடத்துல ரெண்டு வருஷம் பதிலே இல்ல. அதை விடுங்க.

2015 டிசம்பர் வெள்ளத்துல முடிச்சூர் வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. நோட்டெல்லாம் பீரோ கீழ் தட்டுல. எதிர் வீட்டு அக்கா, உங்க வீட்டு மிக்சியும் ஃப்ரிட்ஜும் போயிருந்துச்சு, நீங்க அதை விட்டுட்டு கரண்ட் வந்த அன்னிக்கே என் நோட்டுல ஒவ்வொரு தாளுக்கு நடுவுலயும் பேப்பர் வச்சு அயர்ன் பண்ணினீங்க. பால்பாயிண்ட்ல எழுதினது பிழைச்சுது, ஜெல் பேனால எழுதின மூணு அத்தியாயம் நீலமா கரைஞ்சு போயிடுச்சு. சிலை வார்க்குற இடம் வர்ற மூணு அத்தியாயம் அது. அன்னிக்கு நான் அழுததைப் பார்த்தவங்க நீங்க மட்டும்தான்.

அதைத் திரும்ப எழுதறதுக்காகத்தான், கும்பகோணம் பக்கத்துல சாமி சிலை வார்க்குற சுவாமிமலைக்குப் போனேன். முதல் தடவை கேள்விப்பட்டதை வச்சே எழுதியிருந்தேன், அது எவ்வளவு பெரிய தப்புன்னு ஸ்தபதி ஐயா பட்டறைல உட்கார்ந்தப்பதான் புரிஞ்சுது. தென்னை ஓலையை நறுக்கி மடிச்சு மடிச்சே அளவு எடுக்கறார், ஸ்கேல் பக்கம் கை போகல. மெழுகும் குங்கிலியமும் சேர்ந்த வாசனை புடவைல ரெண்டு நாள் நின்னுச்சு. மெழுகு உருவத்து மேல காவிரி வண்டலைப் பூசி, காயவச்சு, சூடு பண்ணி மெழுகை வழிய விட்டு, அந்த வெற்றிடத்துல உலோகத்தை ஊத்தறாங்க. ஆறினதும் அச்சை உடைச்சாத்தான் சிலை வெளிய வரும், அதே அச்சுல இன்னொண்ணு பண்ணவே முடியாது.

என் கதைல சிலையைத் திருடினவன் ரத்தம் கக்கி சாவான்னு ஐயாகிட்ட பெருமையா சொன்னேன். அவர் கோவிச்சுக்கல. கடைசியா சிலைக்குக் கண்ணைச் செதுக்கித் திறக்கற சடங்கைத்தான் சொன்னார். "கண் திறக்கற வரைக்கும் அது நான் பண்ணின உருவம்மா. திறந்துட்டா நானே தள்ளி நின்னு கும்பிடணும். உன் திருடனுக்கு அது எதுன்னு தெரியுமா?"ன்னார், அவ்வளவுதான். பஸ்ல வரும்போதே ரத்தம் கக்கறது, பாம்பு வர்றது எல்லாத்தையும் அடிச்சுட்டேன், மண்ணுல கிடைச்ச சிலைக்கு கண் திறந்தாச்சா இல்லையாங்கற ஒரே கேள்வில முழு நாவலும் திரும்ப எழுதினேன். அதுக்கே மூணு வருஷம் ஆச்சு. பயம் அங்கதான் இருக்குன்னு இப்ப நம்பறேன்.

லாக்டவுன்ல அக்கா பொண்ணு பாமினிங்கற பழைய தமிழ் ஃபான்ட்ல டைப் பண்ணிக் கொடுத்தா, யூனிகோடுக்கு மாத்தினப்ப கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம்னு பிரிஞ்சு நின்னுச்சு, பாப்பா முகம் சுளிக்காம ஒவ்வொண்ணா சரி பண்ணினா. தமிழ் டீச்சரம்மா மூணு ப்ரூஃப் பார்த்தாங்க, 320 பக்கம், பதினாறு பக்கத்துக்கு ஒண்ணா 20 அச்சு பாரம், கண் ஆபரேஷன் முடிஞ்ச கையோட. ஒற்று மிகுமா மிகாதான்னு ராத்திரி பத்து மணிக்கு போன் வரும். டீச்சர், அந்த சிவப்பு மை தாள்களை பத்திரமா வச்சிருக்கேன்.

கடைசில படிச்ச நாலாவது நாளே "போடலாம்"னு சொன்ன சின்னப் பதிப்பகத்து தம்பிக்கும், அமாவாசை அமாவாசையா "முடிஞ்சுதா"ன்னு கேட்டு இப்ப கேட்க இல்லாத அம்மாவுக்கும், ராத்திரி லைட்டை அணைக்கச் சொல்லாத என் வீட்டுக்காரருக்கும் என்ன சொல்றதுன்னே தெரியல.

ஐயா, உங்களுக்கு வர்ற வாரம் நேர்லயே கொண்டு வரேன், தபால்ல அனுப்ப மனசு வரல. 212ஆம் பக்கத்துல ஓலை மடிக்கறதை எழுதியிருக்கேன், தப்பு இருந்தா இப்பவும் சொல்லுங்க, அடுத்த பதிப்புல திருத்திடறேன்.