டி.சி. கேட்டு வருகிறவர்கள் கேட்கும் கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசு நடுநிலைப் பள்ளிகளில் சேர்க்கை குறைவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். பெற்றோரின் ஆங்கில மோகம்தான் காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எங்கள் பேரூராட்சியிலுள்ள நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலவழிப் பிரிவு இருக்கிறது. அப்படியும் மே மாதம் ஐந்தாம் வகுப்பு முடிந்த கையோடு டி.சி. கேட்டு வருகிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பதால் ஏன் என்று விசாரிப்பேன். அவர்கள் திருப்பிக் கேட்பது, "கணக்குக்கு சார் போட்டாச்சா?"

போடவில்லை. ஆகஸ்ட் 1 நிலவரப்படி மாணவர்களை எண்ணி, தலை குறைந்ததால் கணக்கு ஆசிரியரை உபரி, அதாவது தேவைக்கு மேல் இருப்பவர் என்று காட்டி, ஆள் இல்லாத பள்ளிக்கு மாற்றும் பணிநிரவலில் வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது 6 முதல் 8 வரை ஐந்து பாடங்களுக்கு மூன்று பட்டதாரி ஆசிரியர்கள். அறிவியல் ஆசிரியைதான் கணக்கும் எடுக்கிறார். மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவும் அவர் தலையில்தான். கல்வி உரிமைச் சட்டம் அறிவியலுக்கும் கணக்குக்கும் சேர்த்து ஒருவர் என்கிறது, உண்மைதான். ஆனால் அது குறைந்தபட்ச அளவு. அதையே உச்சவரம்பாக்கிவிட்டார்கள்.

மாற்றலாகிப் போன கணக்கு ஆசிரியர் மாலையில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை உட்காரவைத்து தேசிய வருவாய்வழி உதவித்தொகைத் தேர்வுக்குப் பயிற்சி கொடுப்பார். தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். இங்கே பீடி சுற்றும் வீடுகளுக்கு அது பெரிய தொகை. அவர் போன பிறகு எங்கள் பள்ளியில் ஒருவரும் தேறவில்லை. உடனே 'தரம் சரிந்துவிட்டது' என்று பேச்சு. அடுத்த மே மாதம் இன்னும் சில டி.சி. அடுத்த ஆகஸ்டில் இன்னொருவர் உபரியாவார்.

இன்னொன்று. முதல்வரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. தொடக்கப் பள்ளியில் இது உறுத்தாது. எங்கள் வளாகத்தில் புதன்கிழமை தம்பி பொங்கல் சாப்பிட, ஆறாம் வகுப்பு அக்கா குழாயடியில் அவன் தட்டைக் கழுவக் காத்து நிற்கிறாள். சமைக்கிற இடத்தில் கூடுதலாக நாற்பது தட்டு வைப்பதில் என்ன சிரமமோ!

ஆறாம் வகுப்பில் மெட்ரிக் பள்ளிக்கு மாற்றினால், அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் தரும் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு கைவிட்டுப் போகும். பெண்பிள்ளை என்றால் கல்லூரியில் படிக்கும்போது புதுமைப் பெண் திட்டத்தில் கிடைக்கும் மாதம் 1,000 ரூபாயும் போகும். வருகிறவர்களில் பலருக்கு இது தெரியாது. நாங்கள் எடுத்துச் சொல்கிறோம், சிலர் யோசிக்கிறார்கள். அதற்கும் மேல் "கணக்குக்கு சார்?" என்றால் எங்களிடம் பதில் இல்லை.

நடுநிலைப் பள்ளிகளில் இப்படித் தலையை எண்ணி ஆசிரியர் பணியிடத்தை முடிவுசெய்யும் பணியாளர் நிர்ணயத்தை மூன்று ஆண்டுகளுக்காவது நிறுத்திவைத்து, பாடத்துக்கு ஓர் ஆசிரியர் தர வேண்டும். தாங்களும் அடுத்த முறை சேர்க்கைப் பட்டியல் வெளியிடும்போது, அந்தந்தப் பள்ளியில் எத்தனை ஆசிரியர் பணியிடம் பறிபோயிருக்கிறது என்ற விவரத்தையும் பக்கத்திலேயே போடுங்கள்.

– பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்,
தென்காசி மாவட்டம்