சின்னப் பட்டறைகளையும் கணக்கில் எடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

புதிய தொழிற்சாலை வந்தால் எத்தனை பேருக்கு வேலை என்றுதான் கேட்கிறோம். அதை நம்பி எத்தனை பட்டறைகள் பிழைக்கும் என்று கேட்பதில்லை.

என் அப்பா சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஃபிட்டர். 1968ல் அங்கிருந்த கப்பல் பட்டறை பிரிட்டிஷாரிடமிருந்து கைமாறி வணிகப் பட்டறை ஆனபோது, பழகிய கைக்கு வேலை இருந்தது. நான் அங் மோ கியோவில் ஒரு பட்டறையில் உலோகத்தைக் கடைந்தெடுக்கும் லேத் ஓட்டினேன். 1982ல் கணினி ஹார்ட் டிஸ்க் செய்யும் சீகேட் நிறுவனம் இங்கு வந்த பிறகு, ஹார்ட் டிஸ்க் பாகங்கள்தான் எங்களுக்குச் சோறு போட்டன. தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் பாகம் குப்பைக்குத்தான். அப்புறம் அந்த வேலை தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் போனது. எங்கள் கதை முடிந்தது என்றே நினைத்தோம். ஆனால் அதே கைப்பக்குவத்தைத் தேடி விமானப் பாகங்களுக்கான ஆர்டர் வந்தது.

நான் வேலை பார்த்த பட்டறை, வாடகை கட்டுப்படியாகாமல் போன வருடம் மூடிவிட்டது. ஏழே பேர்தான். அதில் மூவர், வெட்டும் சத்தத்தை வைத்தே உளி மழுங்கியதைச் சொல்லிவிடுவார்கள். இப்படிப்பட்டவர்கள் கலைந்துபோனால், அடுத்து வரும் தொழில் யாரை நம்பி இங்கே வரும்? பெரிய நிறுவனங்களுக்கு இடம் ஒதுக்கும்போது, பக்கத்திலேயே சின்னப் பட்டறைகளுக்கும் கட்டுப்படியாகும் வாடகையில் இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி,
ஈசூன்