ஒத்திகைக் காலண்டரில் ஒரே கை எழுதட்டும்

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. உன் நாடகத்தின் ஒத்திகை நாட்களை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று கேட்டிருக்கிறாய். பதினொரு நடிகர்கள், ஒன்பது காட்சிகள், ஆறு வாரம். இது போதாதென்று பாட்டி வேடக்காரர் முதல் நான்கு வாரம் டொராண்டோவிலிருந்து வீடியோவில்தான் வருவார் என்கிறாய். வாட்ஸ்அப்பை மட்டும் நம்பி இதைக் கட்டி மேய்க்க முடியாது. ராத்திரி 11 மணிக்கு நீ போடும் "நாளைக்கு 7 இல்ல, 6.30" விடிவதற்குள் குட் மார்னிங் பூக்களுக்கு அடியில் புதைந்துவிடும். கூகுள் காலண்டரே போதும். ஆனால் அதைத் தொடுவதற்கு முன் தாளில் முடிக்க வேண்டிய வேலை இருக்கிறது.

வாரம் மூன்று நாள், நாளுக்கு இரண்டரை மணி நேரம் என்றால் 18 ஒத்திகை, 45 மணி நேரம். அரங்கேற்ற நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிக் கடைசி நான்கையும் முழு ஓட்டத்துக்கு, அதாவது நாடகத்தை முதலிலிருந்து கடைசி வரை நடித்துப் பார்ப்பதற்கு, எடுத்து வை. முதல் வாசிப்புக்கு ஒன்று. மிச்சம் 13, அதாவது முப்பத்திரண்டரை மணி நேரம். ஒன்பது காட்சிக்கும் சமமாகப் பங்கு போடாதே. ஏழு பேர் நிற்கும் காட்சி ஆறு மணி நேரம் விழுங்கும், இருவர் உட்கார்ந்து பேசுவது இரண்டில் முடிந்துவிடும். பிறகு யார் எந்தக் காட்சியில் என்று ஒரு கட்டம் போடு. நான்காம் காட்சியின் கடைசி மூன்று நிமிடத்துக்கு மட்டும் ஒருவர் வருகிறார் என்றால் அதை 4அ, 4ஆ என்று உடைத்துவிடு. இல்லையென்றால் அந்த மனிதர் இரண்டு மணி நேரம் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், மூன்றாம் நாள் தாமதமாக வர ஆரம்பிப்பார்.

இப்போது காலண்டர். உன் சொந்தக் காலண்டரைப் பகிராதே, குழுவுக்கென்று புதிதாக இரண்டு திற. ஒன்று 'ஒத்திகை', மற்றது 'வர முடியாதவை'. இதைக் கணினியில் உட்கார்ந்து செய், போனில் வேண்டாம். பகிரும்போது நான்கு நிலை அனுமதி கேட்கும்: நேரம் காலியா இல்லையா என்று மட்டும் பார்ப்பது, விவரமெல்லாம் பார்ப்பது, நிகழ்வுகளை மாற்றுவது, மாற்றுவதோடு பகிர்வையும் நிர்வகிப்பது. 'ஒத்திகை' எல்லாருக்கும் இரண்டாம் நிலை. மாற்றும் உரிமையை உன் மேடை நிர்வாகிக்கு மட்டும் கொடு. காலண்டரைத் திறந்தவன் என்று உனக்கும் அந்த உரிமை இருக்கும், ஆனால் இயக்குநரான நீகூட அதில் கை வைக்க வேண்டாம் என்பேன், கோபித்துக்கொள்ளாதே. நீ ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் மாற்றினால் இரண்டாம் வாரத்திலேயே யாரும் அதை நம்பமாட்டார்கள். 'பொதுவில் தெரியட்டும்' என்ற கட்டத்தைத் தொடவே கூடாது. ஒத்திகை நடக்கும் வீட்டு முகவரி அதில்தானே இருக்கிறது.

'வர முடியாதவை' மட்டும் எல்லாரும் எழுதலாம். நைட் ஷிஃப்ட், உறவுக்காரர் கல்யாணம், பிள்ளையின் பரீட்சை எல்லாம் அங்கே. பெரும்பாலோர் சறுக்கும் இடமும் இதுதான். போனில் புது நிகழ்வு எழுதினால் அது தானாகப் போய் உட்காருவது அவரவர் சொந்தக் காலண்டரில். கீழே காலண்டர் பெயரைத் தொட்டு மாற்றினால்தான் குழுவுக்குத் தெரியும். "நான்தான் போட்டுட்டேனே" என்று ஒருவர் சத்தியம் செய்வார், அவர் போனில் அது இருக்கவும் இருக்கும். முதல் வாசிப்பன்று பத்து நிமிடம் ஒதுக்கி, ஒவ்வொருவரையும் உன் எதிரிலேயே ஒரு நாள் குறிக்கச் சொல். அந்தப் பத்து நிமிடத்திலேயே இன்னும் சிலவற்றைப் பார்த்துவிடலாம். பகிர்வு அஞ்சலில் உள்ள இணைப்பை அழுத்தினால்தான் காலண்டர் சேரும், அது ஸ்பாமில் கிடக்கலாம். இரண்டு ஜிமெயில் வைத்திருப்பவர் தவறான கணக்கில் தேடுவார். ஐபோனோடு வந்த காலண்டரில் பார்ப்பவர்களுக்குப் பகிரப்பட்ட காலண்டர்கள் சில நேரம் வராது, கூகுளின் ஒத்திசைவுப் பக்கத்தில் டிக் செய்ய வேண்டும். கூகுள் செயலியையே போட்டுக்கொள்ளச் சொல்வது சுலபம். நினைவூட்டலும் அவரவர் போனில் அவரவரே வைக்க வேண்டியது. நீ உன் பக்கம் ஒரு மணி நேரம் முன்பு என்று வைத்தால் உனக்கு மட்டும்தான் மணி அடிக்கும்.

நிகழ்வின் தலைப்பு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். 'ஒத்திகை' என்று தொடங்காதே. மாதக் காட்சியில் போன் காட்டுவது முதல் சில எழுத்துதான், தமிழ் எழுத்து வேறு அகலம். பதினெட்டு நாளும் 'ஒத்தி' என்றே தெரியும். '3, 4அ: மீனா, தாத்தா' என்று காட்சி எண்ணை முன்னால் வை. யார் எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்தப் பொருள் வேண்டும், சாவி யாரிடம் என்பதெல்லாம் விவரப் பகுதியில். ஹால் 6.30-இலிருந்து உன்னுடையது, நடிகர்களுக்கு 7 என்றால் ஒரே நிகழ்வாகப் போடாதே. நாற்காலி ஒதுக்கி, தரையில் டேப் ஒட்டும் அரை மணி நேரம் தனி நிகழ்வு.

பதினெட்டையும் அட்டவணைக் கோப்பில் தட்டி ஒரே மூச்சில் ஏற்றலாம். அப்போது தேதியில் மாதத்தை முன்னால் எழுது, நம் வழக்கப்படி நாளை முன்னால் எழுதினால் ஜூன் 5 மே 6 ஆகிவிட வாய்ப்புண்டு. முதலில் ஒரு வெற்றுக் காலண்டரில் ஏற்றிப் பார். தப்பானால் அந்தக் காலண்டரையே அழித்துவிடலாம், ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டாம். திரும்பத் திரும்ப வரும் நிகழ்வாகப் போட்டிருந்தால், மாற்றும்போது 'இது மட்டும்', 'இதுவும் இனி வருபவையும்', 'எல்லாம்' என்று கேட்கும். அவசரத்தில் 'எல்லாம்' அழுத்தினால் முடிந்த வாரங்களும் சேர்ந்து நகரும். அழித்தது குப்பைத்தொட்டியில் சுமார் 30 நாள் கிடக்கும், பதற வேண்டாம்.

டொராண்டோ பாட்டிக்கு: நம் மாலை 7 மணி அவருக்குக் கோடையில் காலை 9.30, குளிர்காலத்தில் 8.30. அதனால் அவர் காட்சிகளைச் சனி, ஞாயிறில் வை. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது. நிகழ்வு இந்திய நேரத்தில் எழுதப்பட்டிருந்தால் காலண்டரே அவருக்குச் சரி செய்துவிடும். அவர் தன் ஊர் நேரத்தில் தொடர் நிகழ்வாக எழுதியிருந்தால், நவம்பரில் உங்கள் 7 மணி 8 ஆகிவிடும். ஞாயிறு மாலை பூஜை போட்டுத் தொடங்குவதாக இருந்தால், 4.30 முதல் 6 வரை ராகு காலம் என்பதையும் பார்த்துக்கொள். நீ பார்க்காவிட்டாலும் குழுவில் யாராவது பார்ப்பார்.

மாற்றம் வந்தால் முதலில் காலண்டர், பிறகுதான் வாட்ஸ்அப். அங்கேயும் புது நேரத்தை எழுதாமல் "வியாழன் மாறியிருக்கிறது, காலண்டர் பாருங்கள்" என்று மட்டும் போடு. நேரத்தை எழுதிவிட்டால் யாரும் காலண்டரைத் திறக்கமாட்டார்கள். ஆனால் அன்றைக்கே, மூன்று மணி நேரத்துக்குள் மாற்றம் என்றால் இந்த ஒழுங்கையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு ஆளாளுக்குப் போன் போடு.

அந்தக் காட்சிக் கட்டத்தைப் போட்டதும் எனக்கு ஒரு படம் அனுப்பு. யாரை எந்த நாளில் விடலாம் என்று சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
கணேசன்