எத்தனை இடம் என்று கேட்காதீர்கள், எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தை பிறந்துவிட்டால் நாளிதழ்களின் விளம்பரப் பக்கங்களில் கிழக்குக் கடற்கரைச் சுற்றுலாக்கள் வரிசைகட்டி வருகின்றன. மாமல்லபுரம், புதுச்சேரி, பிச்சாவரம், பூம்புகார், தரங்கம்பாடி, நாகை, வேளாங்கண்ணி என ஊர்ப் பெயர்கள் நீள்கின்றன. எந்த ஊருக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வோம், அங்கே எவ்வளவு நேரம் இருப்போம் என்பதை மட்டும் யாரும் அச்சிடுவதில்லை. இந்தக் கரையில் அந்த மணிக்கணக்குதான் சுற்றுலா. அது தவறினால் காசும் போகும், காலும் வெந்துபோகும், பார்த்தது எதுவும் மனத்திலும் நிற்காது. இந்தக் கரையில் குழுக்களை அழைத்துச் செல்லும் வழிகாட்டிகள் என்ற முறையில் வாசகர்களுக்குச் சில விவரங்களைச் சொல்ல விரும்புகிறோம்.

மாமல்லபுரத்திலிருந்தே தொடங்கலாம். பெரும்பாலான பேருந்துகள் சென்னையில் காலை எட்டு மணிக்குப் புறப்பட்டு, வழியில் சிற்றுண்டி முடித்து, பத்தரைக்கு மேல்தான் வந்து இறங்குகின்றன. பகீரதன் தவம் என்றும் அர்ச்சுனன் தபசு என்றும் சொல்லப்படும் பாறைச் சிற்பம் கிழக்கு நோக்கியது. ஏழரை முதல் ஒன்பதரை வரை வெயில் நேராக அதன்மீது விழும்போது நடுப்பிளவில் நெளிந்து ஏறும் நாகர்களும், ஒற்றைக்காலில் நிற்கும் தவசியும், எலிகள் சூழத் தவம் செய்யும் பூனையும் ஒவ்வொன்றாகத் தெளியும். உச்சிக்குப் பிறகு பாறை தன் நிழலுக்குள் போய்விடும். கடற்கரைக் கோயிலுக்கும் காலைதான் நேரம். பல்லவ மன்னன் இராசசிம்மன் காலத்துக் கோயில் அது. இரண்டு சிவன் சன்னதிகளுக்கு நடுவே பள்ளிகொண்ட பெருமாள் இருப்பதை நின்று காட்ட முக்கால் மணி நேரமாவது வேண்டும்.

ஐந்து ரதங்களுக்கு இது அப்படியே தலைகீழ். தருமராசர், அர்ச்சுனர், திரௌபதி ரதங்களின் முகப்பு மேற்கே பார்க்கிறது. மாலை மூன்றரைக்கு மேல் சாய்வெயில் அவற்றின் மீது விழும். நடுப்பகலில் அங்கே சுற்றிலும் மணல், ஒதுங்க நிழல் குறைவு. முதியவர்கள் மயங்கி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கடற்கரைக் கோயிலுக்கும் ரதங்களுக்கும் தொல்லியல் துறையின் நுழைவுச்சீட்டு ஒன்றே, அதே நாளில் இரண்டுக்கும் செல்லும். ஆகவே காலையில் கோயிலும் தபசும், பகலில் சாப்பாடும் ஓய்வும், மாலையில் ரதங்கள் என்று பிரித்துக்கொண்டால் கூடுதலாக ஒரு ரூபாயும் ஆகாது. இதற்கு முதல் இரவே மாமல்லபுரத்தில் தங்க வேண்டும், அல்லது சென்னையிலிருந்து ஐந்து மணிக்கே கிளம்ப வேண்டும். சீட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்து வைத்தால் வரிசையும் மிச்சம்.

நாற்பத்தைந்து பேர் கொண்ட பேருந்துக்கு ஒரு கணக்கு உண்டு, சுற்றுலா போடுகிறவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். எல்லாரும் இறங்கப் பத்து நிமிடம், திரும்ப ஏறி ஆளெண்ணப் பத்து நிமிடம். கழிப்பறை அதைவிட முக்கியம். இருபத்தைந்து பெண்களுக்கு இரண்டே கழிப்பறை என்றால், ஆளுக்கு மூன்று நிமிடம் வைத்தாலும் நாற்பது நிமிடம் ஓடிவிடும். ஆக, ஒரு நிறுத்தத்துக்கு ஒரு மணி நேரம் என்று திட்டத்தில் எழுதியிருந்தால் உண்மையில் கையில் இருப்பது அரை மணிகூட இல்லை. ஒரு நாளைக்கு ஆறு இடம் என்று எழுதுகிறவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காதவர். காலை ஒன்று, மாலை ஒன்று, நடுவே சிறிதாக ஒன்று என்பதுதான் எங்கள் அளவு. கழிப்பறை வசதியுள்ள உணவகங்களை முன்கூட்டியே பேசி வைப்பதும், மதியச் சாப்பாட்டுக்கு எத்தனை இலை என்று காலை ஒன்பதுக்குள் சொல்லிவிடுவதும் பாதி நெருக்கடியைத் தீர்க்கும். தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு லிட்டர், அதாவது பேருந்தில் இருபது லிட்டர் கேன்கள் ஐந்து இருக்க வேண்டும். வழிகாட்டி ஒருவர் இருபத்தைந்து பேருக்கு மேல் விளக்க முடியாது. பின்வரிசைக்குக் குரல் எட்டாது, எட்டாதவர்கள் கடைப்பக்கம் போய்விடுவார்கள்.

கிழமைக்கு வருவோம். புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. தரங்கம்பாடி டேனியக் கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிதான். வெள்ளி இரவு கிளம்பும் வார இறுதிச் சுற்றுலாவில் ஞாயிறு நெரிசலில் புதுச்சேரி போய், திங்களன்று பூட்டிய கதவைப் பார்ப்பதுதான் நடக்கிறது. திங்களன்று மாமல்லபுரம், செவ்வாய் புதுச்சேரி, புதன் பிச்சாவரமும் சிதம்பரமும், வியாழன் பூம்புகார், தரங்கம்பாடி, நாகை என்று வைத்தால் எல்லாக் கதவும் திறந்திருக்கும். நாகையிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர். வெள்ளிக்கிழமையைத் திரும்பும் நாளாகத் தனியே ஒதுக்க வேண்டும், அதை 'நான்காம் நாள் மாலை' என்று எழுதிச் சமாளிக்கக் கூடாது.

புதுச்சேரியில் கடற்கரைச் சாலை மாலை ஆறு முதல் மறுநாள் காலை ஏழரை வரை வண்டிகளுக்கு அடைப்பு. பேருந்து காந்தி சிலை வரை போகும் என்று சொல்லி முதியவர்களை அழைத்து வராதீர்கள், நடந்துதான் ஆக வேண்டும். பழைய துறைமுகமான அரிக்கமேட்டைப் பொறுத்தவரை எதை முதலில் பார்ப்பது என்ற வரிசைதான் முக்கியம். நேராக அங்கே போகிறவர்கள் தோப்புக்கு நடுவே இடிந்த செங்கல் சுவரைப் பார்த்துவிட்டு, 'இவ்வளவுதானா?' என்று கேட்பார்கள். அந்தச் சுவரும் பிற்காலப் பாதிரிமார் கட்டடத்தினுடையது. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டி எடுத்த இத்தாலியச் சிவப்பு மட்பாண்டங்களும், மது வந்த சாடிகளின் உடைசல்களும்தான் ரோம வணிகத்தைக் காட்டி, தென்னிந்தியத் தொல்லியலுக்கே ஒரு காலக்கணக்கைப் பிடித்துக் கொடுத்தன. முதலில் பாரதி பூங்கா அருகே அருங்காட்சியகத்தில் அந்தச் சாடித் துண்டுகளையும் மணிகளையும் பார்த்துவிட்டு ஆற்றங்கரைக்குப் போனால், வெறும் மேடு துறைமுகமாகத் தெரியும். பாதை குறுகல், பெரிய பேருந்தை நம்பாமல் வேன் அல்லது ஆட்டோ ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

பிச்சாவரத்தில் நடக்கும் ஏமாற்றம் வேறு. விளம்பரத்தில் இருக்கும் படம், கிளைகள் தலைக்கு மேலே கூடாரமாக வளைந்த குறுகிய ஓடை. விசைப்படகு அங்கே நுழையாது, அகன்ற வாய்க்காலில்தான் போகும். ஓடைக்குள் போகத் துடுப்புப் படகு வேண்டும், அதில் நான்கைந்து பேர்தான் ஏறலாம். நாற்பத்தைந்து பேருக்கு ஒன்பது பத்துப் படகு ஆகும். முன்பே சொல்லி வைக்காமல் விடுமுறை நாளில் போய் நின்றால் இரண்டு மணி நேரக் காத்திருப்பு. நீர்மட்டம் இறங்கியிருந்தால் சில ஓடைகளில் துடுப்புப் படகும் தரைதட்டும், அன்றைய ஏற்றவற்றத்தைப் படகுத்துறையில் கேட்டே நேரம் குறிக்க வேண்டும். ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: கிளையை ஒடிக்கக் கூடாது. சுரபுன்னையோடு அங்கே தில்லை மரமும் வளர்கிறது, அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம் அதுதான். காலையில் அந்த மரத்தைக் காட்டிவிட்டு மாலையில் அந்தக் கோயிலுக்குள் அழைத்துப் போவதைவிட நல்ல விளக்கம் எந்த வழிகாட்டிக்கும் வாய்க்காது.

சிதம்பரத்தை மாலைக்கு வைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பகல் பன்னிரண்டு மணியளவில் நடை சாத்தினால் மாலையில்தான் திறக்கும். புதுச்சேரியில் ஒன்பதுக்குக் கிளம்பும் பேருந்து நடை சாத்தும் நேரத்துக்குச் சரியாக வந்து நிற்கும், இது மாதந்தோறும் நடக்கிறது. அப்போது பிராகாரக் கல்லில் வெறுங்காலை வைக்கவும் முடியாது. ஐந்து மணிக்குப் போனால் கல் ஆறியிருக்கும், கோபுர வாயிலில் நூற்றெட்டு நடனக் கரணச் சிற்பங்களை நிதானமாகக் காட்டலாம். அன்று இரவு சிதம்பரத்திலேயே தங்குவது நல்லது. மார்கழித் திருவாதிரையை ஒட்டிய நாட்களில் அறை கிடைக்காது.

பூம்புகாரில் கடலுக்குள் போன நகரம் கண்ணுக்குத் தெரியாது. இதை ஏறும்போதே பயணிகளிடம் சொல்லிவிட வேண்டும். கீழையூரில் அகழ்ந்தெடுத்த செங்கல் படகுத்துறையும் பல்லவனேச்சுரத்தில் புத்த விகாரத்தின் அடித்தளமும்தான் மண்மேல் நிற்கும் சான்றுகள். பேருந்துகள் இரண்டையும் தாண்டிக் கடற்கரைக்கே போய்விடுகின்றன என்பது எங்களுக்குத் தீராத வருத்தம்.

தரங்கம்பாடிக்குச் சுற்றுலாக்காரர்கள் தருவது அரை மணி நேரம்: கோட்டை முன்னால் ஒரு படம், தேநீர், கிளம்பு. குறைந்தது இரண்டு மணி நேரம் கேளுங்கள். நகர வாயிலுக்கு வெளியே பேருந்தை விட்டு ராஜ வீதியில் நடந்தால் எல்லாமே எட்டிவிடும் தொலைவுதான். 1306இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோயிருப்பதைப் பார்க்கலாம். தஞ்சை ரகுநாத நாயக்கரின் அனுமதியோடு 1620இல் டேனியர் எழுப்பிய கோட்டை, 1701இன் சீயோன் தேவாலயம், 1718இன் புதிய எருசலேம் தேவாலயம் என்று வரிசையாக இருக்கின்றன. 1706இல் இங்கே வந்து இறங்கி, தமிழ் கற்று, தமிழிலேயே புத்தகம் அச்சிட்ட ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்குவின் கல்லறை புதிய எருசலேம் தேவாலயத்தில்தான் இருக்கிறது. தமிழ் அச்சின் வரலாற்றில் இத்தனை பெரிய இடத்தில் தமிழர்களை அரை மணி நேரம் நிறுத்துவது நியாயமா என்று கேட்கிறோம்.

நாகையில் சூடாமணி என்ற புத்த விகாரத்தின் எச்சமாக நின்ற செங்கல் கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டுவிட்டது. அந்த ஊரில் கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகளில் பல எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதனால் ஞாயிறன்றே சென்னைக்கு வந்துவிடும் வெளியூர்க் குழுக்கள் எழும்பூரைப் பார்த்துவிட்டுத் திங்களன்று புறப்படட்டும். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா, அப்போது நாகைப் பக்கம் பேருந்து நகராது. ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும். தை, மாசிதான் இந்தப் பயணத்துக்கு ஏற்ற காலம்.

கடலில் இறங்குவது பற்றித் தனியே சொல்ல வேண்டும். அலை உடையும் இரண்டு இடங்களுக்கு நடுவே அலையில்லாமல் அமைதியாகத் தெரியும் பட்டைதான் ஆபத்து. கரையேறிய நீர் அதன் வழியாகத்தான் திரும்பக் கடலுக்குள் பாய்கிறது, ஆளையும் இழுத்துப் போகும். கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்துப் போவார்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் இழுப்பிலிருந்து வெளியே வரலாம். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் யாரும் போகக் கூடாது என்பதைப் பேருந்திலேயே சொல்லி, கரையில் ஒருவரை நிறுத்த வேண்டும்.

பணம் கட்டுமுன் வாசகர்கள் எழுத்தில் கேட்க வேண்டியவை: ஒவ்வொரு ஊரிலும் இறங்கும் நேரமும் ஏறும் நேரமும் என்ன, வழிகாட்டி அரசு உரிமம் பெற்றவரா, படகுக் கட்டணமும் நுழைவுச்சீட்டும் தொகையில் அடங்குமா, தங்கும் விடுதி ஊருக்குள்ளா புறவழிச் சாலையிலா. ஓட்டுநருக்கு இரவில் படுக்க அறை உண்டா என்றும் கேளுங்கள். பேருந்து இருக்கையிலேயே தூங்கி எழுந்தவர் அதிகாலையில் நாற்பத்தைந்து பேரை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது.

தங்கள் நாளிதழிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்று உண்டு. சுற்றுலா விளம்பரங்களை ஏற்கும்போது இடங்களின் பட்டியலோடு நேர அட்டவணையையும் கேட்டு வாங்கி வெளியிடுங்கள். நான்கு வரி கூடுதல் இடம் போதும்.

இப்படிக்கு,
கிழக்குக் கடற்கரைச் சுற்றுலா வழிகாட்டிகள் சிலர்,
மாமல்லபுரம்.